மனைவி படத்தில் பூத்த பூசணம்

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டம். பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இயங்கியது. அந்தத் தீவின் ஈரக்காற்றில் பூட்ஸ், துணி, காகிதம் என்று எதிலும் பூசணம் பிடிக்கும். அங்கே பணியாற்றிய ரிச்சர்டு ஷோப் தன் மனைவி ஹெலனின் புகைப்படத்தை உடன் வைத்திருந்தார். அதன் மேலுறையிலும் பூசணம் பூத்தது. மற்றவர்கள் துடைத்துப் போட்டிருப்பார்கள். ஷோப் அதைச் சுரண்டி எடுத்து வளர்த்தார்.

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. பன்றிகளுக்கு வரும் இன்ஃபுளுயன்சா வைரஸை 1931-இல் பிரித்துக் காட்டியவர்; மனிதருக்கு வரும் இன்ஃபுளுயன்சா வைரஸ் பிடிபட்டதே அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான். பெனிசிலின் புகழ் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆனால் வைரஸிடம் பெனிசிலின் பலிக்காது. பூஞ்சைகளில் வைரஸுக்கும் ஏதாவது மருந்து இருக்காதா என்ற நப்பாசை பலருக்கும் இருந்தது.

படத்தில் பூத்தது பெனிசிலியம் ஃபனிகுலோசம், அதாவது பெனிசிலின் தரும் பூஞ்சைக்குப் பங்காளி. அதன் சாற்றைக் கொடுத்தபோது, வைரஸ் தொற்றிய எலிகளில் பல பிழைத்தன. 1953-இல் ஷோப் அதை வெளியிட்டார். மருந்துக்கு வைத்த பெயர் ஹெலனீன். ஆராய்ச்சிக் கட்டுரைக்குள் மனைவியின் பெயரை நுழைத்த அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வேலை செய்கிறது, சரி, எப்படிச் செய்கிறது? அது ஷோப்புக்கே பிடிபடவில்லை. 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் தாக்கிய செல், பக்கத்துச் செல்களை உஷார்படுத்த வெளியிடும் புரதம் அது. ஹெலனீனும் உடம்பை இன்டர்ஃபெரான் சுரக்க வைக்கிறது என்று பிறகு தெரிந்தது. 1967-இல் மெர்க் நிறுவனத்தில் ஹில்மனின் குழு, ஹெலனீனில் வேலை செய்யும் பொருளையே பிரித்தெடுத்தது: இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஷோப் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

பூஞ்சைக்குள் இரட்டை இழை ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தது? அதற்கான துப்பு இங்கிலாந்தின் காளான் பண்ணைகளில் இருந்தது. அங்கே வளர்ப்புக் காளான்கள் வாடிச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் வைரஸ் என்று 1962-இல் ஹாலிங்ஸ் காட்டியிருந்தார். பூஞ்சைக்கும் வைரஸ் நோய் வரும் என்பது அப்போது புதுச் செய்தி. 1968-இல், பெனிசிலினுக்காக நோபல் பரிசு பெற்ற எர்ன்ஸ்ட் செயினும் ஹாலிங்ஸும் இடம்பெற்ற குழு இரண்டு முனைகளையும் முடிச்சுப் போட்டது. ஹெலனின் படத்தில் பூத்த பூஞ்சையே வைரஸ் பிடித்த பூஞ்சை! எலிகளைக் காத்தது அந்தப் பூஞ்சையின் குணமல்ல, அதற்குள் குடியிருந்த வைரஸின் மரபுப்பொருள். அடுத்த இரண்டொரு ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிடாகே காளானின் சாற்றிலும் இன்டர்ஃபெரானைத் தூண்டும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள்.

இன்று காளான் பொடியை 'எதிர்ப்பு சக்தி' என்று புட்டியில் அடைத்து விற்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை. சொன்னால் வாங்குபவர் முகம் சுளிப்பார் என்ற பயமோ என்னவோ.

நம் செல்களில் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. சாதாரணமாக இருப்பதில்லை, பல வைரஸ்கள் பெருகும்போது உண்டாகும். அதனால் அதைக் கண்டாலே திருடன் நுழைந்துவிட்டதாக உடம்பு கூச்சல் போடுகிறது. டி.எல்.ஆர்.3 என்ற ஏற்பி அதை அடையாளம் காண்கிறது என்பது 2001-இல்தான் தெரியவந்தது. மெர்க் குழு 1967-இலேயே செயற்கையாகச் செய்த ஆர்.என்.ஏ. ஒன்றையும், பாலி ஐ:சி என்பதை, சோதித்திருந்தது. மனிதருக்குக் கொடுத்தால் காய்ச்சல் மூட்டுவதும், ரத்தத்தில் சீக்கிரம் சிதைவதும் அது மருந்தாகத் தடையாயின. ஆய்வகத்தில் மட்டும் அதற்கு ஓய்வில்லை: வைரஸ் இல்லாமலே வைரஸ் வந்ததுபோல் செல்களை ஏமாற்ற இன்றும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.