அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

'சிதம்பரம் கோபுரம், 1870' என்ற குறிப்போடு ஒரு பட அஞ்சலட்டை இணையத்தில் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுப்பு நிறம், மழுங்கிய மூலைகள், பார்த்தாலே பழசு. ஆனால் இந்தியாவில் அஞ்சலட்டையே 1879 ஜூலை 1 அன்றுதான் வந்தது. அதுவும் படமில்லாத, காலணா அரசாங்க அட்டை. படம் போட்ட அட்டைகள் பரவியது அந்த நூற்றாண்டின் கடைசியில். ஆக, 1870 அந்த அட்டையின் வயதாக இருக்கவே முடியாது. படத்தின் வயதாக வேண்டுமானால் இருக்கலாம்.

குழப்பமே இங்கேதான். ஓர் அட்டைக்கு மூன்று தேதிகள் உண்டு: படம் எடுத்தது, அச்சிட்டது, தபாலில் போட்டது. கோப்பு உருவான தேதியும் அதை நகலெடுத்த தேதியும் வேறு வேறு இல்லையா, அதே கதைதான்.

அதனால் முதலில் பின்பக்கம். முழுப் பக்கமும் முகவரிக்கே என்றால் பெரும்பாலும் 1900ஐ ஒட்டியது. நடுவில் கோடு போட்டு ஒரு பாதியைக் கடிதத்துக்கு முதலில் விட்டது பிரிட்டன், 1902இல். கோடு இருந்தால் அதற்கு முந்தைய அட்டை அல்ல. தபால்தலையும் முத்திரையும் அனுப்பிய காலத்தை மட்டுமே சொல்லும். அதற்கு முன் அட்டை கடையில் பத்து வருஷம் தூங்கியிருக்கலாம்.

அடுத்தது பத்து மடங்கு லென்ஸ். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் அது மை அச்சு. அந்தக் காலத்திலும் அப்படி அச்சிட்டார்கள் என்பதால் அதுவே போலிக்குச் சான்றாகாது. ஆனால் 'ஒரிஜினல் போட்டோ' என்று விலை சொன்னால் நம்ப வேண்டாம். கடைசியாகப் புறஊதா டார்ச். தாள் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி ரசாயனம் இருக்கிறது; புகைப்படத்தாளில் அது 1950களை ஒட்டித்தான் பரவியது.

சில சமயம் வரலாறு தெரிந்தாலே போதும். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்துத் தகர்த்தது. புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். கோட்டை முழுசாக நிற்கும் 'அபூர்வ போட்டோ' என்று யாராவது நீட்டினால் லென்ஸே தேவையில்லை.

இதெல்லாம் சேகரிப்பவர்களின் காசுப் பிரச்சினை மட்டும் இல்லை. கோபுரத்தில் எந்தச் சுதைச் சிற்பம் எந்தத் திருப்பணியில் மாறியது என்று தேடுகிறவருக்கு இந்த அட்டைதான் சாட்சி. தேதி இருபது வருஷம் தப்பினால், ஒரு தலைமுறை செய்ததற்கு இன்னொரு தலைமுறை பழி சுமக்கும். வீட்டில் பழைய அட்டை கிடைத்து ஸ்கேன் பண்ணுகிறீர்கள் என்றால், தயவுசெய்து பின்பக்கத்தையும் சேர்த்துப் பண்ணுங்கள்.