1939 ஆகஸ்ட் முதல் தேதி வாடகை

"அடுத்த மாதத்திலிருந்து வாடகை கூடுகிறது. கட்ட முடியாவிட்டால் காலி செய்துவிடுங்கள்." இப்படி ஒரு கடிதம் வந்தால் இன்று நாம் என்ன செய்வோம்? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம், முகவரை அழைப்போம், உரிமையாளரிடம் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவோம். நம் தாத்தா காலத்துச் சிராங்கூன் ரோட்டில் குடியிருந்தவருக்கு அந்தக் கெஞ்சல் தேவைப்படவில்லை. அவர் ஒரு தேதியைச் சொன்னால் போதும். 1939 ஆகஸ்ட் 1.

அதென்ன தேதி என்கிறீர்களா? ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிந்தபோது நகரில் வீடுகளுக்குக் கடும் பற்றாக்குறை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கட்டடங்கள் எழவில்லை. இந்நிலையில் 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 7ஆம் தேதி வரை கட்டப்பட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தும். போருக்கு முன், 1939 ஆகஸ்ட் 1 அன்று என்ன வாடகையோ அதுவே அடிப்படை. சட்டம் அனுமதித்த சில உயர்வுகளைத் தவிர, உரிமையாளர் தம் விருப்பப்படி கூட்ட முடியாது. சட்டம் சொன்ன காரணங்கள் இல்லாமல் வெளியேற்றவும் முடியாது. தகராறு வந்தால் விசாரிக்க ஒரு வாடகை இணக்க வாரியமும் இருந்தது.

வாடகையை ஒரு தேதியில் நிறுத்திவைக்கும் இந்த யோசனை நம் ஊரில் பிறந்ததன்று. முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கப்பல் பட்டறைகளுக்கு ஆட்கள் குவிந்ததும் வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915இல் மேரி பார்பர் போன்ற பெண்கள் தலைமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உயர்த்திய வாடகையைக் கட்ட மறுத்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் லண்டன் நாடாளுமன்றம் வாடகையை 1914 ஆகஸ்ட் நிலையில் நிறுத்திச் சட்டம் போட்டது. பிரிட்டிஷ் ஆட்சி இருந்த இடங்களிலும் பின்னர் இதே வழி பின்பற்றப்பட்டது. பம்பாயிலும் 1947இல் ஒரு வாடகைச் சட்டம் வந்தது.

சரி, சட்டம் நல்லதுதானே? பாதி நல்லது. கடைவீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கீழே கடை, முன்னால் அஞ்சடி, மேலே பலகையால் தடுத்த சிறுசிறு அறைகள். கட்டடத்தை உரிமையாளரிடமிருந்து ஒருவர் மொத்தமாக வாடகைக்கு எடுத்திருப்பார். அவர்தான் தலைமைக் குடியிருப்பாளர். அவர் கட்டுவது பழைய வாடகை. அறை அறையாக உள்வாடகைக்கு விட்டு வாங்குவதோ வேறு கணக்கு. புதிதாக உள்ளே வர விரும்புவோர் வாடகைக்கு முன் ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு டீ காசு என்று பெயர். எத்தனை ஆயிரம் டீ குடிக்கலாம் என்று கேட்காதீர்கள்! சட்டம் அதற்கு இடம் தரவில்லை, ஆனாலும் நடந்தது. ஆக, முன்பே உள்ளே இருந்தவர் பிழைத்தார். அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவர் விலை கொடுத்தார்.

உரிமையாளர் பக்கமும் பார்க்க வேண்டும். போருக்கு முந்தைய வாடகையை வாங்கிக்கொண்டு, போருக்குப் பிந்தைய கூலி கொடுத்துக் கூரையை யார் மாற்றுவார்? சுவர் இடிந்தாலும் மரப்படி உளுத்தாலும் அவர் வரமாட்டார். தொகையைக் கட்டிப்போட்டதில் தவறில்லை, பழுதுபார்க்கும் செலவுக்குத் தக்க வழி வைக்காததுதான் தவறு என்பது என் கருத்து.

உண்மையான மாற்றம் வேறொரு வாசல் வழியாக வந்தது. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீடுகளைக் கட்டிக்கொண்டே போனது. 1980களின் நடுவில் ஐந்தில் நால்வர் கழக வீடுகளில் வசித்தார்கள். பழைய சட்டத்தை நம்பியிருந்தவர்கள் குறைந்தார்கள். 1969இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட வட்டாரங்களில் உரிமையாளர் இழப்பீடு கொடுத்துக் கட்டடத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. 1970இல் ஷென்டன் வே வட்டாரத்தில் அது நடைமுறைக்கு வந்தது. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்படும் வட்டாரமானது. கட்டடத்தின் முகப்புக்குப் பாதுகாப்பு கிடைத்தது, உள்ளே இருந்த மாலைக் கடைக்கும் மாவு மில்லுக்கும் அல்ல. 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே ரத்தானது.

இன்று வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. 2022 ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியதை வாடகைக்கு இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார். அப்படியானால் வாடகைக்கு இருப்பவர் கையில் என்ன இருக்கிறது? முதலில் ஒப்பந்தம். அதன் காலம் முடியும் வரை, அதில் எழுதியிருந்தாலொழிய, வாடகையைக் கூட்ட முடியாது. ஆனால் முத்திரை வரி கட்டாத ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாகாது. அடுத்து, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் அதே கட்டடத்தில் மற்றவர் கட்டும் வாடகையைப் பார்க்கலாம். பேரம் பேசப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத வீட்டு ஒப்பந்தம் என்றால், முன்பணத்தைத் திருப்பித் தராதது போன்ற பூசல்களை 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கை மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். வாடகை எவ்வளவு என்பதை மட்டும் அது முடிவுசெய்யாது.

கடைக்காரர்களுக்கு 2024 பிப்ரவரி 1 முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக் கடை ஒப்பந்தங்கள் அதற்கான நடத்தை நெறிக்குக் கட்டுப்பட வேண்டும். "நிலையான வாடகை அல்லது விற்பனையில் பங்கு, இரண்டில் எது அதிகமோ அது" என்று எழுதிக்கொள்ளும் பழைய பழக்கத்தை அது தடுக்கிறது. தொகைக்கு அதிலும் வரம்பு இல்லை.

ஆகவே நேயர்களே, கையெழுத்திடும் அன்றே ஒப்பந்தத்தின் புதுப்பிப்பு விதியைத் தேடிப் பாருங்கள். "அன்றைய சந்தை வாடகைக்கு" என்று மட்டும் இருந்தால், அதிகபட்சம் இத்தனை விழுக்காடு என்று பக்கத்தில் எழுதித் தரக் கேளுங்கள். சாவி கைமாறுவதற்கு முன் கேட்டால்தான் அதற்கு மதிப்பு.