கிராண்ட்ஃபாதர் மலை ஹைலண்ட் விழா

அமெரிக்காவின் வட கரோலினாவில், லின்வில் அருகேயுள்ள மக்ரே புல்வெளியில் ஆண்டுதோறும் ஜூலையில் நடைபெறும் ஸ்காட்டிஷ் குலங்களின் விழா. ஆக்னஸ் மக்ரே மார்ட்டனும், ஸ்காட்லாந்தின் பிரேமார் விழாவைக் கண்டு வந்த இதழாளர் டொனால்ட் மெக்டொனால்டும் இதை 1956இல் தொடங்கினர். முதல் விழா ஆகஸ்ட் 19 அன்று நடந்தது. 1745இல் அதே நாளில்தான் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் கிளென்ஃபின்னனில் கிளர்ச்சிக் கொடியை ஏற்றினார்.

அந்தக் கிளர்ச்சி கலோடன் போரில் தோற்ற பின், ஸ்காட்லாந்து மலைநாடான ஹைலண்டின் மரபு உடைக்கு விதிக்கப்பட்ட தடை 1782 வரை நீடித்தது. குத்தகை உயர்வும் வறுமையும் பலரைக் கடல் கடக்க வைத்தன. கலோடனுக்கு முன்பே, 1739இல், வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றோரம் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதி மக்கள் குடியேறியிருந்தனர். தோற்ற இளவரசரைத் தப்பவைத்த ஃப்ளோரா மெக்டொனால்டும் 1774இல் வட கரோலினாவுக்கு வந்தார்.

மரத்தண்டு எறிதலும் பைப் இசையும் கூட்டத்தை ஈர்த்தாலும், விழாவின் உயிர் குலச் சங்கக் கூடாரங்களில்தான் இருக்கிறது. குடும்பப் பெயர் ஒன்றையே அடையாளமாகக் கொண்டு வருபவர்களுக்கு அங்கே கிளைக்குடிப் பட்டியல்களைப் புரட்டி உறவு காட்டுகிறார்கள். பல சங்கங்களில் சேரப் பாட்டி வழி உறவும் போதும். நிலமும் தலைவரின் அதிகாரமும் போன பிறகும் குல உணர்வு தழைப்பது இந்த விரிந்த மனத்தால்தான். விழா தொடங்கும் வியாழன் மாலை, குலப் பிரதிநிதிகள் தீப்பந்தம் ஏந்தித் தம் குலம் வந்திருப்பதை உரக்க அறிவிக்கின்றனர்.