30 ஷில்லிங் தோல்!

காஞ்சிபுரம் பக்கத்திலுள்ள கூரத்துக்கு, பல்லவர் காலத்துக் கோயிலைப் பார்க்கக் காரில் போகிறீர்கள் என்று வையுங்கள். வழியில் கிளட்சை மிதித்தால்... பெடல் 'பொதக்'கென்று உள்ளே போய் அங்கேயே படுத்துவிடுகிறது! கியர் விழ மாட்டேன் என்கிறது. ''கிட் போயிடுச்சு சார்'' என்பார் மெக்கானிக். கிட் என்று அவர் சொல்வது சின்னச் சின்ன ரப்பர் வாஷர்கள்தான். ஆனால், அதன் கதைக்கு வயசு இருநூறுக்கு மேல்!

1795. லண்டனில் பூட்டு செய்வதில் பெயர் பெற்ற ஜோசப் பிராமா, ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். சின்ன சிலிண்டரில் தண்ணீரைக் கொஞ்சம் அழுத்தினால், பெரிய சிலிண்டரில் பல மடங்கு பலம் கிடைக்கும். கணக்கு சரி. இயந்திரம்தான் மக்கர் பண்ணியது. பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சியடித்தது. இறுக்கி அடைத்தால் ஒழுகல் நின்றது... கூடவே பிஸ்டனும் நின்றது!

இதற்கு வழி கண்டவர், பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்கிறார்கள். கிண்ணம் போல் மடித்த ஒரு தோல் வளையம். அவ்வளவுதான். தண்ணீர் அழுத்தினால் தோலின் விளிம்பு விரிந்து இறுகிக்கொள்ளும். அழுத்தம் போனால் தானே தளரும். திருடனையே காவலுக்கு வைத்த தந்திரம்!

பிற்பாடு தோல் ரப்பரானது. தண்ணீருக்குப் பதில் பிரேக் ஆயில் வந்தது. சென்னையை ஒட்டிய வண்டலூரில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ல் கொண்டுவந்த ஹெரால்டு காரிலேயே ஹைட்ராலிக் கிளட்ச் இருந்தது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். கியர் பாக்ஸ் பக்கத்திலுள்ள ஸ்லேவ் சிலிண்டர் அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்சை விலக்கும். இரண்டிலும் காவல், அதே கிண்ண வடிவ ரப்பர்.

ஒழுகல் எங்கே? பெடலுக்கு மேலே ஈரமா... மாஸ்டர் சிலிண்டர். கீழே, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரமா... அதுதான் குற்றவாளி. எங்குமே ஈரமில்லை, ஆயிலும் குறையவில்லை, பெடல் மட்டும் மெள்ள இறங்குகிறதா? மாஸ்டருக்கு உள்ளேயே ரப்பர் தேய்ந்திருக்கலாம். சிலிண்டரின் உள்சுவரில் கீறலோ துருவோ இருந்தால், புது ரப்பரையும் அது கிழித்துவிடும். சிலிண்டரையே மாற்றுவதுதான் நல்லது. மாட்டிய பிறகு குழாயிலுள்ள காற்றை முழுக்க எடுக்கவேண்டும். காற்று அழுந்திக் கொடுக்கும், ஆயில் கொடுக்காது! அவசரத்துக்குக்கூட இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் உப்பிப் பாழாகிவிடும்.

''ஒரு ரப்பருக்கா இவ்வளவு கூலி?'' என்று பட்டறைகளில் சண்டை போடுபவர்கள் உண்டு. பிராமாவும் இப்படித்தான் கணக்குப் போட்டார். மாட்ஸ்லேவுக்கு வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பம் பெருகுகிறது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்றார். முதலாளி மறுத்தார். 1797-ல் மாட்ஸ்லே வெளியேறி சொந்தப் பட்டறை போட்டார். விட்வொர்த், நாஸ்மித் என்று பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய இன்ஜினீயர்களானவர்கள் அவரிடம்தான் தொழில் பழகினார்கள்.

தண்ணீர் ஒழுகியதைத் தடுத்துவிட்டார் பிராமா. ஆளைத்தான் ஒழுக விட்டுவிட்டார்!