அப்பா போன் வேலைக்குப் போயிடுது... தங்கச்சி எதுல படிப்பா?

"வீட்லதான் ஸ்மார்ட்போன் இருக்கே, தனியா எதுக்கு நெட் கனெக்‌ஷன்?" ஊர்ல இருக்குற அப்பா, அம்மாகிட்ட பிராட்பேண்ட் பேச்சை எடுத்தா முதல்ல வர்ற கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். ஆனா, அந்த போன் பகல் முழுக்க எங்கே இருக்குன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

தென்காசி மாவட்டம் கீழப்பாவூரையே எடுத்துக்குவோம். விவசாயம், பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட், வீட்டுத் திண்ணையில் பீடி சுத்துறதுன்னு ஓடுற பகுதி. இப்படிப்பட்ட ஒரு வீட்ல அப்பாவோட போன் விடியக்காலையிலேயே அவர் சட்டைப் பையில கிளம்பிடும். ராத்திரி திரும்பி வரும்போது சார்ஜும் இருக்காது, அன்னிக்கு டேட்டாவும் காலியாகியிருக்கும். மிச்சம் மீதி இருந்தா அது முதல்ல யார் கைக்குப் போகும், அண்ணனுக்கா தங்கச்சிக்கா? பதில் உங்களுக்கே தெரியும்.

கிராமப்புறக் குழந்தைகளின் படிப்பு பற்றிய 'ஏசர் 2024' அறிக்கையும் இதைத்தான் காட்டுது. 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட 90 சதவிகிதம் பேர் வீட்ல ஸ்மார்ட்போன் இருக்கு. ஆனா, போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமா போன் வெச்சிருக்கிற பசங்க சுமார் 36 சதவிகிதம். பொண்ணுங்க 27 சதவிகிதம்தான். சுவத்துல மாட்டின ரவுட்டர் யார் கூடவும் வேலைக்குப் போகாது. வித்தியாசமே அங்கதான்.

அதுக்காக, கனெக்‌ஷன் போட்டதும் மார்க் எகிறிடும்னு நினைச்சுடாதீங்க. பெரு நாட்டின் லிமா நகர்ல பள்ளிப் பிள்ளைகளுக்கு லேப்டாப்பும், வீட்டுக்கு இன்டர்நெட்டும் இலவசமா கொடுத்து ஓர் ஆய்வு நடந்துச்சு. 2019-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? கம்ப்யூட்டர், இன்டர்நெட்டைக் கையாளும் திறமை கூடுச்சு. கணக்குலயும் வாசிப்புலயும் சொல்லிக்கிற மாதிரி முன்னேற்றம் இல்லை. நம்ம ஏசர் அறிக்கையிலும், போன் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில் முந்தின வாரம் படிப்புக்காகப் பயன்படுத்தியவங்க 57 சதவிகிதம். சோஷியல் மீடியாவுக்கு 76 சதவிகிதம். (நம்ம கணக்கு எவ்வளவுன்னு கேட்காதீங்க!)

கம்ப்யூட்டரைக் கையாளத் தெரியுறதும் சின்ன விஷயமில்லை. பக்கத்து மத்தளம்பாறையில 2011-லிருந்து ஜோஹோ அலுவலகம் இயங்குது. சாஃப்ட்வேர் வேலை அந்த ஊருக்கே வந்திருக்கு. ஆனா பாடமும் ஏறணும்னா, வீட்ல யாராவது ஒருத்தர் வழிகாட்டணும். வெளியூர்ல வேலை பார்க்கிற அக்காவோ அண்ணனோ, அதாவது நீங்க, வீடியோ கால்லயே இதைச் செய்யலாம்.

முதல் வேலை, அலமாரியில் தூங்குற அரசு லேப்டாப்பை எழுப்புறது. 2011-ல் தொடங்கின திட்டத்தில் கிடைச்ச லேப்டாப், நெட் இல்லாத ஒரே காரணத்தால படம் பார்க்குற பெட்டியா முடங்கின வீடுகள் எக்கச்சக்கம். பேட்டரி போயிருந்தாலும் பெரும்பாலும் சார்ஜரைச் சொருகியே ஓட்டலாம். அடுத்து, பாடப்புத்தகத்துல இருக்குற க்யூஆர் கோடு. 'தீக்‌ஷா' ஆப்பில் ஸ்கேன் பண்ணினா அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். பள்ளிக்கல்வித்துறை 2023-ல் கொண்டுவந்த 'மணற்கேணி' ஆப்பும் இலவசம்தான். டியூஷன் வைக்க வசதியில்லாத வீட்ல, புரியாத ஒரு கணக்கைப் பத்து தடவை திருப்பித் திருப்பிக் கேட்க முடியுறது பெரிய விஷயம்.

இந்தப் பகுதிக்கு ரொம்ப முக்கியமானது ஒண்ணு இருக்கு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தரும் கல்வி உதவித்தொகை. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி கல்லூரி வரை, வகுப்பைப் பொறுத்து வருஷத்துக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை. விண்ணப்பம், தேசிய உதவித்தொகை இணையதளத்துல ஆன்லைன்லதான். அம்மாவோட பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, ஆதார்னு ஏதோ ஒரு இடத்துல எழுத்து மாறியிருந்தா திருத்தணும். பிறகு விண்ணப்பம் எந்த நிலையில இருக்குன்னு அடிக்கடி பார்க்கணும். ஒவ்வொரு தடவையும் பிரவுசிங் சென்டருக்குப் பஸ் ஏறினா, அம்மாவுக்கு அன்னிக்குக் கூலி போச்சு. வீட்ல நெட் இருந்தா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.

செலவு? ஆரம்ப பிளான்கள் மாதம் 400 ரூபாய் அளவில் கிடைக்குது. 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தா 470-ஐத் தாண்டும். இன்ஸ்டலேஷன் கட்டணம் தனியா உண்டான்னு முதல்லயே கேட்டுடுங்க. அக்கம்பக்கத்துல எந்த கனெக்‌ஷன் அடிக்கடி கட் ஆகாம ஓடுதுன்னு விசாரிச்சுப் போடுறது நல்லது. சாரல் சீசன்ல காத்து அடிச்சா கரன்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது. அதனால ரவுட்டருக்குன்னு வர்ற குட்டி யுபிஎஸ் ஒண்ணு வாங்கி வெச்சிடுங்க.

ரவுட்டரைப் பையனோட ரூம்ல மாட்டாதீங்க, நடுவீட்ல மாட்டுங்க. சின்னப் பிள்ளைங்க போன்ல 'ஃபேமிலி லிங்க்' போட்டா எந்த ஆப், எவ்வளவு நேரம்னு நீங்க இருக்குற ஊர்லயிருந்தே பார்க்கலாம். ஆன்லைன்ல பணம் போச்சுன்னா 1930, பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுத்தா 1098. இந்த ரெண்டு நம்பரையும் அம்மாவோட பட்டன் போன்லயும் சேவ் பண்ணிக் கொடுத்துட்டு வாங்க.