அந்தச் சின்ன டப்பா என்ன சொல்லும்?

போன வருஷம் வண்டியில வழுக்கி விழுந்தேன். ஹேண்டில்பார் நேரா வயித்துல குத்திச்சு. வெளிக்காயம் பெருசா இல்ல. ஆஸ்பத்திரியில டாக்டர் வயித்தை அமுக்கிப் பார்த்தார், பிபி பார்த்தார், அப்புறம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "யூரின் பிடிச்சுட்டு வாங்க"ன்னார். அடிபட்டது வயித்துல, யூரின் எதுக்குன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

யோசனை ரொம்பப் பழசு. ஹிப்போகிரேட்டஸ் பெயரில் உள்ள பழைய கிரேக்க மருத்துவச் சூத்திரங்களிலேயே, சிறுநீரில் தானாக ரத்தம் வந்தால் சிறுநீரகத்தில் ஒரு ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது என்று இருக்கு. ஆனா உள்ளே எவ்வளவு சேதம்னு வயித்தைத் திறக்காம பார்க்க சுலபமான வழியில்ல.

அந்த வழி 1929ல் வந்தது. பெர்லினில் வேலை பார்த்த மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க டாக்டர், அயோடின் கலந்த மருந்தை ரத்தத்தில் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார். சிறுநீரகம் அந்த மருந்தை வடிகட்டும்போது அதோட உருவம் படத்துல தெரிஞ்சுது. பிற்பாடு, மைக்ரோஸ்கோப்புக்கு மட்டும் தெரியுற ரத்தம் இருந்தாக்கூட படம் எடுக்கிறது வழக்கமாச்சு. செலவு, கதிர்வீச்சு, சிலருக்கு அந்த மருந்தே அலர்ஜி.

எல்லாருக்கும் இது தேவையா? சான் பிரான்சிஸ்கோவில் ஜாக் மெக்கனிஞ்ச் குழு 10 வருஷம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, 1989ல் பதில் சொன்னது. கத்திக்குத்து, குண்டடி இல்லாத அடியில், பெரியவர்களுக்கு ரெண்டு அறிகுறிதான் முக்கியம். ஒண்ணு, கண்ணுக்கே தெரியுற ரத்தம். இன்னொண்ணு, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தோட பிபியின் மேல் எண் 90க்குக் கீழே போறது. ரெண்டும் இல்லன்னா பெரிய சிறுநீரகக் காயம் அபூர்வம். குழந்தைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. நிறைய ரத்தம் போன பிறகும் அவங்க பிபி இறங்காம நிக்கும்.

என்னை உறைய வச்சது அடுத்த விஷயம். மண்ணீரலோ கல்லீரலோ கிழிஞ்சா, ரத்தம் வயித்துக்குள்ளேயே தேங்கும், யூரின் பாதைக்கு வராது. சிறுநீரகத்துக்குப் போற தமனியே அடைபட்டாலும் யூரின் சுத்தமா இருக்கலாம்.

என் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. சந்தோஷமா கிளம்பினேன். டாக்டர் விடல. ராத்திரி முழுக்கப் படுக்க வச்சு, திரும்பத் திரும்ப பிபி பார்த்தாங்க. அன்னிக்கு எரிச்சலா இருந்தது. இப்ப புரியுது. அந்த டப்பா சிறுநீரகத்தோட பாஷையில மட்டும்தான் பேசும், அதுவும் எல்லா நேரமும் இல்ல. வயித்துல பலமா அடிபட்டா, யூரின் நிறத்தைப் பார்த்து நீங்களே முடிவு பண்ணாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.