உடற்பயிற்சியில் செலவான கலோரியைத் திரும்ப உண்பது: ஒரு கணக்கின் வரலாறு

எடை குறைக்க முயலும் ஒருவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு வருகிறார். 300 கலோரி எரிந்தது என்று அவருடைய கைப்பட்டை காட்டுகிறது. அன்றைய உணவோடு அந்த 300 கலோரியையும் சேர்த்துச் சாப்பிடலாமா, கூடாதா? கைப்பேசிச் செயலிகள் வந்த பிறகுதான் இந்தக் கேள்வி பலருடைய அன்றாடக் கேள்வியானது. ஆனால் அதற்கு அடிப்படையான கணக்கு நூறாண்டுக்கும் மேல் பழையது.

1890களில் அமெரிக்காவின் மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்பர் அட்வாட்டர், இயற்பியலாளர் எட்வர்டு ரோசாவுடன் இணைந்து ஒரு மூடிய அறையை உருவாக்கினார. அதற்குள் ஒருவர் நாட்கணக்கில் தங்கி உண்பார், உறங்குவார், நகராத மிதிவண்டியை மிதிப்பார். அவர் உடலிலிருந்து வெளியான வெப்பமும் கரியமில வாயுவும் அளக்கப்பட்டன. உணவாக உள்ளே சென்ற ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் ஏறத்தாழப் பொருந்தின. ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று இன்றும் உணவுப் பொட்டலங்களில் பயன்படும் கணக்கு அவருடைய ஆய்விலிருந்து வந்ததே. அட்வாட்டரின் நோக்கம் யாரையும் மெலியச் செய்வதல்ல. குறைந்த கூலி வாங்கும் தொழிலாளி அந்தக் காசுக்கு மிகுந்த சத்தைப் பெற வேண்டும் என்பதே. அதே எண்களை எடை குறைப்புக்குத் திருப்பியவர்களில் புகழ்பெற்றவர், 1918இல் கலோரி எண்ணும் முறையைப் பற்றி நூல் எழுதிய மருத்துவர் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ்.

வரவும் செலவும் சமம் என்பது சரி. ஆனால் செலவு கூடினால் வரவு தானாகக் கூடுமா? உடற்பயிற்சி பசியைத்தான் கிளப்பும், அதனால் எடை குறைய உதவாது என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுவாக இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜீன் மேயர் இதை ஏற்கவில்லை. 1954இல் எலிகளை நாள்தோறும் வெவ்வேறு நேரம் ஓடவைத்துப் பார்த்தார். சிறிது நேரம் மட்டும் ஓடிய எலிகள், அசையாமல் இருந்தவற்றைவிடக் கூடுதலாக உண்ணவில்லை. சற்றுக் குறைவாகவே உண்டன. நீண்ட நேரம் ஓடியவையே உழைப்புக்கேற்பக் கூடுதலாக உண்டன.

மனிதரிடம் இதைச் சோதிக்க அவருக்கு வாய்த்த இடம் வங்காளம். கல்கத்தாவுக்கு அருகிலிருந்த ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களின் உணவு, எடை, வேலை ஆகியவற்றை மேயரும் இந்திய ஆய்வாளர்களான ராய், மித்ரா ஆகியோரும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டனர். ஒரே ஆலையைச் சார்ந்து நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரும் இருந்தார், எழுத்தரும் இருந்தார், மூட்டை சுமப்பவரும் இருந்தார். ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. மிதமான வேலை முதல் கடின வேலை வரை, உழைப்பு ஏற ஏற உணவும் ஏறியது; எடை பெரிதாக மாறவில்லை. உட்கார்ந்தே இருந்தவர்களிடம் மட்டும் இந்த இசைவு குலைந்தது. அவர்கள் கடினமாக உழைத்தவர்களுக்கு நிகராக உண்டனர், எடையும் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வு ஒரு காலத்தின் படம் மட்டுமே. ஒரே மனிதரை நாற்காலியிலிருந்து மூட்டைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று அது சோதிக்கவில்லை. மேயரை மேற்கோள் காட்டும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உழைத்த நாளிலேயே உடல் கணக்குத் தீர்ப்பதும் இல்லை. பிரித்தானியப் படைப் பயிற்சி மாணவர் 12 பேரை ஆராய்ந்து எட்ஹோம் குழுவினர் 1955இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நாளின் செலவுக்கும் அதே நாளின் உணவுக்கும் தொடர்பு தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து உண்ட உணவோடுதான் தொடர்பு தெரிந்தது. அன்றன்று எரித்ததை அன்றன்றே உண்ண வேண்டும் என்று கருதுவோர் கவனிக்க வேண்டிய முடிவு இது.

அடுத்த திருப்பம் செலவுப் பக்கத்திலிருந்து வந்தது. ஐசோடோப்புகளால் குறியிடப்பட்ட நீரைக் குடிக்கவைத்து, பல நாட்களின் மொத்த ஆற்றல் செலவை அளக்கும் முறை 1980களில் மனிதரிடம் பயன்பாட்டுக்கு வந்தது. மூடிய அறை தேவையற்றுப் போனது. இம்முறையால் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் தான்சானியாவின் ஹாட்சா வேட்டைச் சமூகத்தை ஆராய்ந்து 2012இல் வியப்பான முடிவை வெளியிட்டனர்: உடல் அளவைக் கணக்கில் கொண்டால், நாளெல்லாம் நடக்கும் ஹாட்சா மக்களின் மொத்தச் செலவு மேலைநாட்டு நகரவாசிகளின் செலவை ஒத்திருந்தது. 1,754 பேரின் அளவீடுகளைக் கொண்ட 2021ஆம் ஆண்டு ஆய்வு, இயக்கத்தில் செலவாகும் ஆற்றலில் சராசரியாக 28 விழுக்காட்டை உடல் வேறு இடத்தில் மிச்சப்படுத்திவிடுகிறது என்று கணித்தது.

கருவிகளின் கணக்கிலும் ஓட்டை உண்டு. 2017இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் ஏழு கைப்பட்டைகளைச் சோதித்தது. இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை செய்தது. மேலும், 60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு ஏறத்தாழ 60 கலோரி செலவாகும். கைப்பட்டை காட்டும் 300இல் அதுவும் சேர்ந்திருந்தால், நடையால் வந்த கூடுதல் 240 மட்டுமே. அதிலும் 28 விழுக்காட்டைக் கழித்தால் சுமார் 170. இன்னொரு பொறி, ஒரே செலவை இருமுறை எண்ணுவது. ஓய்வுநிலைத் தேவையைக் கணிக்கும் ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரம் 1919இல் வந்தது. பிற்காலத்தில் அதை இயக்க அளவுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் வழக்கம் பரவியது. அவ்வாறு பெருக்கி உணவளவை முடிவு செய்தவருக்கு உடற்பயிற்சி முன்பே கணக்கில் ஏறிவிட்டது. அதைத் திரும்ப உண்டால் எடை குறையாததில் வியப்பில்லை.

அதற்காக ஒன்றையும் திரும்ப உண்ணாதிருப்பது எல்லோருக்கும் பாதுகாப்பானது அல்ல. ஆன் லவுக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிச் செலவு போக எஞ்சும் ஆற்றல், கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்கும் கீழே இறங்கியபோது, இளம்பெண்களின் இனப்பெருக்க இயக்குநீர்ச் சுரப்பு குலைந்தது. கடுமையாகப் பயிற்சி செய்து குறைவாக உண்ணும் விளையாட்டு வீராங்கனைகளிடம் மாதவிடாய் நிற்பதும் எலும்பு மெலிவதும் முன்பே அறியப்பட்டிருந்தன. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதை ஆண்களையும் உள்ளடக்கிய ஒரு நோய்க்குறித் தொகுப்பாக அறிவித்தது. அந்நிலைக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது, செலவான கலோரியை உணவாகத் திரும்பக் கொடுப்பதையும் பயிற்சியைக் குறைப்பதையும்தான்.